பால் மறந்த முயல் குட்டியும் ஆப்பிள் சக்கையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பழச்சாறு ஆலையில் மிஞ்சும் சக்கையை முயலுக்குப் போடலாமா என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் விலையை மனதில் வைத்தே கேட்கிறார்கள். மக்காச்சோளம் விலை ஏறிக்கொண்டே போகிறது, சக்கையோ ஆலை வாசலில் குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொண்டு வந்தால் லாபம்தானே என்பது அவர்கள் கணக்கு. மாட்டுக்கு இந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். தாயிடமிருந்து பிரித்த முயல் குட்டிக்கு ஒத்துவராது. அந்த வயதில் சக்கையால் வரும் முதல் நன்மை, குட்டி செத்துப்போகாமல் இருப்பது. தீவனச் செலவு குறைவது அதற்குப் பிறகுதான். இதைத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு ஐரோப்பாவில் நடந்தது. அங்கே தொடங்கி, நம் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளின் தோல் வரைக்கும் அதை எப்படிப் பொருத்திப் பார்க்கலாம் என்று இந்த ஆய்வில் சொல்கிறேன்.

1996: கூண்டுகள் காலியான குளிர்காலம்

முயல் இறைச்சி பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி மூன்று நாடுகளிலும் வெகுகாலமாகப் பழகிய உணவு. பண்ணைகளும் பெரியவை. 1996 இறுதியில் பிரான்சின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில் ஒரு புதிய குடல்நோய் தலைகாட்டியது. தாயிடமிருந்து பிரித்து இரண்டு மூன்று வாரம் ஆன குட்டிகள் திடீரென்று தீனி எடுப்பதைக் குறைத்தன. கூண்டின் மூலையில் முதுகை வளைத்துக் குறுகி உட்கார்ந்தன. வயிறு உப்பியது. குட்டியைத் தூக்கி லேசாக அசைத்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். சிலவற்றுக்கு நீர்க்கழிச்சல், சிலவற்றுக்குப் பின்புறத்தில் வெறும் சளி. அறுத்துப் பார்த்தால் இரைப்பையும் சிறுகுடலும் நீரும் காற்றுமாக ஊதியிருக்கும். ஆனால் குடல் சுவரில் புண்ணோ சிவப்போ பெரிதாக இருக்காது. கால்நடை மருத்துவர்களைக் குழப்பியது இதுதான்.

மருந்து தராத கொட்டகைகளில் 30 முதல் 70 சதவீதம் குட்டிகள் செத்தன. 1997இல் நோய் பிரான்ஸ் முழுவதும் பரவி, ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி என்று எல்லை தாண்டியது. செத்த குட்டியின் குடலில் இருப்பதை எடுத்து நல்ல குட்டிக்குக் கொடுத்தால் நோய் வருகிறது என்பதை பிரான்சின் தேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் நிரூபித்தார்கள். ஆக, இது தொற்று. ஆனால் இன்ன கிருமிதான் என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. நோயுற்ற குடலில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா பெருகியிருப்பது அடிக்கடி தென்பட்டது. அது காரணமா, நோயால் விளைந்ததா என்பதே பெரிய விவாதமாக ஓடியது.

தடுப்பூசி கிடையாது. பேசிட்ராசின், டியாமுலின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைத் தீவனத்தில் கலந்து போட்டுச் சமாளித்தார்கள். அதற்கும் கதவு மெல்ல மெல்ல மூடியது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. நோய் வருமுன் காப்பதற்கென்று மந்தைக்கே மருந்துத் தீவனம் போடும் வழக்கமும் 2022 ஜனவரி 28 முதல் அமலான புதிய சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. மருந்து சுமந்த பாரத்தைத் தீவனத்தின் சேர்மானமே சுமக்க வேண்டிய நிலை. பழச்சக்கை இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

முயலின் குடல் எப்படி வேலை செய்கிறது

இது புரியாமல் சக்கையை அள்ளிப் போட்டால் கெடுதல்தான் மிஞ்சும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மாடு தின்றதை முதலில் நொதிக்கவைத்து, பிறகு செரிக்கிறது. முயலுக்கு வரிசை தலைகீழ். இரைப்பையும் சிறுகுடலும் முதலில் எடுக்கக்கூடியதை எடுத்துவிடுகின்றன, மிச்சம் குருட்டுக்குடலுக்குப் போய் அங்கே நுண்ணுயிரிகளால் நொதிக்கிறது. முயலின் குருட்டுக்குடல் மிகப் பெரியது. செரிமானப் பாதையில் இருக்கும் மொத்தப் பொருளில் ஏறத்தாழ 40 சதவீதம் அதற்குள்தான் இருக்கும். பெருங்குடலின் முற்பகுதி ஒரு சல்லடை. கரடுமுரடான நாரை அது முன்னே தள்ளிவிடும். அது காய்ந்த உருண்டைப் புழுக்கையாக வெளியே விழும். 0.3 மில்லிமீட்டருக்குக் குறைவான நுண்துகள்களையும் கரைசலையும் பின்னோக்கித் தள்ளிக் குருட்டுக்குடலுக்கே திருப்பி அனுப்பும். அங்கே நொதித்தது திராட்சைக் கொத்துப்போல ஒட்டிய மென்புழுக்கையாக வெளிவரும்போது, முயல் ஆசனவாயிலிருந்தே வாய்வைத்து அதைத் தின்றுவிடும். காய்ந்த புழுக்கையைவிட இரண்டு மடங்கு புரதம் அதில் இருக்கும்.

கரடு நார் முயலுக்குச் சத்தாக அவ்வளவாகப் பயன்படுவதில்லை. செல்லுலோஸில் 15 முதல் 18 சதவீதமே செரிக்கிறது. ஆனால் குடலை நகர்த்திக்கொண்டே இருப்பது அந்த நார்தான். அது குறைந்தால் குடல் மந்தமாகி, குருட்டுக்குடலில் பொருள் தேங்கும். பழத்தில் நிறைய இருக்கும், நீரில் கரையும் நாரான பெக்டின் இதற்கு நேரெதிர். அதில் 70 சதவீதத்துக்கு மேல் செரிக்கிறது. நொதிக்கும்போது அசிட்டிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாறுகிறது. குருட்டுக்குடல், பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு பியூட்டிரிக் அமிலம் நேரடி உணவு.

மூன்றாவது ஆள் மாவுச்சத்து. நான்கு ஐந்து வாரக் குட்டியின் கணையம் இன்னும் முழுதாகத் தயாராகவில்லை, மாவை உடைக்கும் நொதி போதுமான அளவு சுரப்பதில்லை. சிறுகுடலில் செரிக்காத மாவு குருட்டுக்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால், அங்குள்ள நுண்ணுயிர்ச் சமநிலை குலையும். வேகமாக எடை ஏறட்டும் என்று மக்காச்சோளக் குருணையை அதிகமாக வைக்கும் பண்ணைகளில் ஆறாவது ஏழாவது வாரத்தில் வயிறு உப்பிக் குட்டிகள் சாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதல் பதில்: கரடு நார்

பிரான்சில் தியரி ஜிதென் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நோய்க்கு முந்தைய ஆண்டுகளிலிருந்தே நாரைப் பற்றி வேலை செய்துவந்தவர்கள். தாயிடமிருந்து பிரித்த முதல் சில வாரங்களுக்கு அவர்கள் வகுத்த அளவு இப்படி: தீவனத்தில் செல்லுலோஸும், செடியின் தண்டை மரம்போல விறைப்பாக்கும் லிக்னினும் சேர்ந்து குறைந்தது 19 சதவீதம், அதில் லிக்னின் மட்டும் 5.5 சதவீதம், மாவுச்சத்து 14 சதவீதத்துக்குள். கூடவே ஒரு விகிதமும் சொன்னார்கள். எளிதில் நொதிக்கும் நார், அதாவது ஹெமிசெல்லுலோஸும் பெக்டினும், கரடு நாரைப்போல 1.3 மடங்குக்கு மேல் போகக்கூடாது.

இதோடு, பிரித்த பிறகு மூன்று வாரம் வழக்கமான தீனியில் 20 முதல் 25 சதவீதம் குறைத்துப் போடும் பழக்கமும் பிரெஞ்சுப் பண்ணைகளில் வேரூன்றியது. சாவு குறைந்தது. ஆனாலும் நோய் ஓயவில்லை. கரடு நாரைக் கூட்டிக்கொண்டே போனால் குட்டிக்குச் சத்து போதாமல் எடை ஏறாது. வேறு ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

மட்ரிட் சோதனை

இரண்டாவது பதில் ஸ்பெயினில் இருந்து வந்தது. மட்ரிட் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் தெ பிளாஸ், ரோசா கராபான்யோ ஆகியோரின் குழு முயல் தீவனத்தில் பல ஆண்டு அனுபவம் உள்ளது. 2007இல் அவர்கள் வெளியிட்ட சோதனையின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. கேள்வி ஒன்றே ஒன்று, அதைச் சுற்றி மற்ற எல்லாவற்றையும் அசையாமல் கட்டிப்போட்டார்கள்.

குட்டிகளை 25ஆம் நாளிலேயே தாயிடமிருந்து பிரித்தார்கள். மூன்று தீவனங்கள். முதலாவதில் நாருக்குக் குதிரைமசால் என்ற தீவனப் பயிர். இரண்டாவதில் குதிரைமசாலில் பாதியை எடுத்துவிட்டு, உலர்ந்த ஆப்பிள் சக்கையும் சர்க்கரைக் கிழங்குச் சக்கையும் கலந்து வைத்தார்கள். மூன்றாவதில் அதே பாதிக்குப் பதிலாக ஓட்ஸ் உமியும் சோயாப் புரதமும். கரையாத மொத்த நார் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு. மாறியது பெக்டின் போன்ற கரையும் நார் மட்டும். ஒரு கிலோ உலர்பொருளுக்கு ஓட்ஸ் உமித் தீவனத்தில் 79 கிராம், குதிரைமசால் தீவனத்தில் 103 கிராம், சக்கைத் தீவனத்தில் 131 கிராம்.

பத்து நாள் கழித்து, 35ஆம் நாளில், குடலை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சிறுகுடலின் உட்சுவரில் விரல்விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள்தான் சத்தை இழுக்கும் இடம். தாயைப் பிரிந்த அதிர்ச்சியில் குட்டி இரண்டு நாள் சரியாகத் தின்னாமல் கிடந்தாலே அவை குட்டையாகிவிடும். சக்கைத் தீவனம் தின்ற குட்டிகளில் அவை நெடிதாக நின்றன. சர்க்கரையைச் செரிக்கும் சுக்ரேஸ் நொதியும் கூடுதலாக வேலை செய்தது. கரையாத நார் ஒரே அளவில் இருக்க, கரையும் நாரை மட்டும் மாற்றியதில் குடல் சுவரே வேறு மாதிரி ஆகியிருந்தது.

அடுத்தடுத்து ஸ்பெயினிலும் இத்தாலியின் பதோவாவிலும் நடந்த சோதனைகள் இதைச் சாவுக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தன. நோய் உலவும் கொட்டகைகளில் கரையும் நார் கூடும்போது சாவு குறைகிறது என்பது திரும்பத் திரும்ப வந்தது. பிரித்த பின் கொடுக்கும் தீவனத்தில் கரையும் நார் 12 சதவீத அளவில் இருக்கட்டும் என்பது ஸ்பெயினில் ஏற்றுக்கொண்ட பரிந்துரை ஆயிற்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கரையும் நார் நிறையத் தின்ற முயலின் குருட்டுக்குடல் எப்போதும் நிறைந்து கனக்கும். அதனால் அறுக்கும்போது உயிர் எடைக்குக் கிடைக்கும் கறியின் பங்கு சற்றே குறையும். உயிர் எடைக்கு விற்கிறவர் இதைக் கவனிக்கமாட்டார், அறுத்து விற்கிறவருக்கு உடனே தெரியும். பத்து குட்டி கூடுதலாகப் பிழைத்தால் இந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை என்பது என் கணிப்பு. இருந்தாலும் கணக்கில் எழுதிவைக்க வேண்டியது.

எல்லாச் சக்கையும் ஒன்றல்ல

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, கிடைக்கிற சக்கை எதையும் போடலாம் என்று எடுத்துக்கொண்டால் அது ஆபத்து. ஐரோப்பியத் தீவன ஆலைகள் முயலுக்கு முக்கியமாக எடுப்பது மூன்று பழங்களின் சக்கை. மூன்றும் மூன்று விதம்.

ஆப்பிளில் சாறு பிழிந்தபின் எடையில் கால்பங்கு சக்கையாக மிஞ்சும். அதில் 70 முதல் 80 சதவீதம் தண்ணீர். காயவைத்த சக்கையில் பெக்டின் 10 முதல் 15 சதவீதம், புரதம் 4 முதல் 7 சதவீதம் மட்டும். புரதம் மிகக் குறைவு என்பது நினைவிருக்கட்டும்.

ஆரஞ்சு வகையில் சாறு எடுத்தபின் பழத்தில் பாதியோ அதற்கு மேலோ மிஞ்சும். அதைச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தால் பெக்டினின் பிடி தளர்ந்து தண்ணீர் விடும். பிறகு பிழிந்து, சுடுகாற்றில் காயவைத்து, குச்சித் தீவனமாக அடிப்பார்கள். பெக்டின் ஆப்பிள் சக்கையைவிட அதிகம். சுண்ணாம்பு சேர்ப்பதால் கால்சியமும் அதிகம். முயலுக்கு ஒரு தனிக் குணம்: தின்ற கால்சியத்தைத் தேவைக்கு மேலும் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். கூண்டுக்கடியில் வெள்ளைப் படிவமாகத் தெரிவது அதுதான். எனவே ஆரஞ்சுச் சக்கை சேர்க்கும்போது தாது உப்புக் கலவையில் கால்சியத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

திராட்சை இந்த இரண்டுக்கும் நேர் மாறானது. ஒயின் ஆலையிலிருந்து வரும் தோலும் விதையும் ஸ்பெயினில் முதலில் வடிசாலைக்குப் போகும். மிச்ச ஆல்கஹாலை எடுத்தபிறகே தீவனத்துக்கு வரும். அதில் லிக்னின் மிக அதிகம், டானினும் உண்டு, இருக்கும் புரதமும் டானினோடு பிணைந்திருப்பதால் முயலுக்குச் சரியாகக் கிடைக்காது. சத்து என்று பார்த்தால் கழித்துக்கட்ட வேண்டிய பொருள். ஆனால் 5.5 சதவீத லிக்னின் வேண்டும் என்ற நிபந்தனையைச் சிறிய அளவிலேயே நிறைவேற்றித் தருவது அது. ஆப்பிள் சக்கை கரையும் நாரைக் கொடுத்து நொதித்தலைக் கவனித்துக்கொள்ள, திராட்சைச் சக்கை லிக்னினைக் கொடுத்துக் குடலை நகர்த்துகிறது. இரண்டும் பழ ஆலையின் மிச்சம், இரண்டும் தனியாக நின்றால் முயலுக்கு உதவாது, அளவாகச் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது அடைக்கிறது. இந்தப் பொருத்தத்தைக் கண்டுகொண்டதுதான் இந்த நிகழ்விலேயே மிகப் பெரிய சங்கதி என்று நினைக்கிறேன்.

ஆப்பிள் சக்கைக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் பெக்டின் ஆலைகளும் போட்டி போடுகின்றன. ஜாம் கெட்டியாவதற்குப் போடும் பெக்டின் இவற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே சும்மா கிடைக்கும் பொருள் என்ற நிலை ஐரோப்பாவில் எப்போதோ போய்விட்டது.

கிருஷ்ணகிரி மாந்தோல்

மாங்கூழ் ஆலைகள் கிருஷ்ணகிரியைச் சுற்றியும் பக்கத்திலுள்ள சித்தூர் மாவட்டத்திலும் செறிந்திருக்கின்றன. அரைபடுவது பெரும்பாலும் பெங்களூரா என்னும் தோத்தாபுரி. மே கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை ஆலைகள் ஓடும். பழத்தில் 15 முதல் 20 சதவீதம் தோல். கொட்டை தனி. ஆலையிலிருந்து தோல், கொட்டை, நார் மூன்றும் கலந்தே வெளியேறும் என்பதால் முதல் வேலை பிரிப்பது. மாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பிரிப்பதில்லை. முயலுக்குப் பிரிக்காமல் போடவே கூடாது.

கொட்டைக்குள் இருக்கும் பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, கூடவே கொழுப்பும் டானினும். மாவு வேண்டாம் என்று சொல்லும் வயதில் அதைக் கொண்டுபோய் வைப்பதில் அர்த்தமில்லை. ஊறவைத்தும் வேகவைத்தும் டானினைக் குறைக்கலாம்தான், ஆனால் மாவு எங்கும் போகாது. மாங்கொட்டைப் பருப்பை வளரும் முயலுக்கான பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே என் முடிவு.

தோல் வேறு கதை. மாந்தோலின் உலர்பொருளில் பெக்டின் 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கிறது. அதாவது ஆப்பிள் சக்கையின் வரிசையிலேயே வந்து நிற்கிறது. புரதம் அதைவிடவும் குறைவு, 3 முதல் 5 சதவீதம். சர்க்கரை கூடுதல்.

பச்சையாகவே போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. எட்டு வாரக் குட்டி நாளைக்கு 100 கிராம் தீவனம் தின்கிறது, அதில் புரதம் 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். புரதம் 16 கிராம். இனிப்பாக இருக்கிறதே என்று 200 கிராம் பச்சைத் தோலைத் தின்றால், 80 சதவீதம் தண்ணீர் போக 40 கிராம் உலர்பொருள் வயிற்றுக்குள் இடம்பிடிக்கும். அந்த அளவுக்குத் தீவனம் குறையும். 60 கிராம் தீவனத்தில் 9.6 கிராம் புரதம், தோலில் 1.6 கிராம், மொத்தம் 11.2. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம் போய்விட்டது. குட்டி ஆர்வமாகத் தின்னும், வயிறும் நிறைந்தே தெரியும், வாரக் கடைசியில் தராசில் மட்டும் முள் நகராது.

அதனால் காயவைத்துத்தான் சேர்க்க வேண்டும், காயவைப்பதில்தான் பலரும் விழுவார்கள். ஒரு டன் பச்சைத் தோலில் 200 கிலோதான் உலர்பொருள். 10 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் கையில் நிற்பது 222 கிலோ. மீதி 778 கிலோ தண்ணீரையும் வெயிலோ விறகோ இழுத்தாக வேண்டும். சர்க்கரை நிறைந்த தோல் குவியலாகக் கிடந்தால் சில மணி நேரத்திலேயே சூடேறிப் புளிக்கத் தொடங்கும், ஈ மொய்க்கும், மறுநாள் பூஞ்சை. முயல் பூஞ்சை நஞ்சைத் தாங்காது. அஃப்ளாடாக்சினால் ஈரல் கெட்டுச் சாகும் பிராணிகளில் அதுவும் ஒன்று. மாம்பழப் பருவத்தின் பிற்பாதி தென்மேற்குப் பருவமழைக் காலம். மேகமூட்டத்தில் களத்தில் பரப்பிய தோல் ஒரே நாளில் கெட்டுவிடும். ஆகவே, அன்றைக்குக் காயவைக்க முடிகிற அளவை மட்டும் அன்றைக்கு எடுப்பது, முதலில் பிழிந்து நீரை வடிப்பது, விரல் பருமனுக்கு மேல் போகாமல் பரப்புவது, அடிக்கடி கிளறுவது. கையில் எடுத்து மடக்கினால் வளையாமல் ஒடிய வேண்டும். வளைந்தால் மூட்டை கட்டக்கூடாது. கறுத்ததும், புளிப்பு வாடை அடிப்பதும் எருக்குழிக்கு.

தோலில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்து எச்சத்தையும் விட்டுவிடக் கூடாது. பழத்தில் தெளித்தது தோலில்தான் தங்கும். கழுவி அரைக்கும் ஆலையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், முடிந்தால் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

இனி எதற்குப் பதிலாகச் சேர்ப்பது? மட்ரிட்டில் குதிரைமசாலில் பாதியை எடுத்தார்கள், ஆனால் அவர்கள் கலவையில் மற்றவை அதற்கேற்ப ஈடுகட்டப்பட்டிருந்தன. நம் பண்ணையில் மக்காச்சோளத்தில் கைவைப்பதே நல்லது. 100 கிலோ கலவையில் 10 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு 10 கிலோ உலர்ந்த மாந்தோல் சேர்த்தால், மாவுச்சத்து ஏறத்தாழ ஆறரை கிலோ குறைகிறது. குட்டிக்கு அது நல்லது. புரதம் அரைக் கிலோ குறைகிறது. ஒன்றேகால் கிலோ சோயாப் புண்ணாக்கை மேலும் கொஞ்சம் மக்காச்சோளத்துக்கு ஈடாக வைத்தால் அது சரியாகிவிடும். அதே தோலை 17 சதவீதப் புரதமுள்ள மசாலுக்கு ஈடாக வைத்தால் 1.3 கிலோ புரதம் குறையும், லிக்னினும் கூடவே போகும். அப்போது மூன்று கிலோவுக்கு மேல் புண்ணாக்கு கூடுதலாக வேண்டும். சிக்கனம் எங்கே போயிற்று?

கரடு நாரை யார் கொடுப்பது என்ற கேள்வி மிச்சம். ஸ்பெயின்காரருக்குத் திராட்சைச் சக்கை இருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நிலக்கடலைக் கொடியும் துவரம் பொட்டும் (துவரை உடைக்கும்போது மிஞ்சும் தோல்) கிடைக்கின்றன, காய்ந்த முயல் மசாலும் வேலிமசாலும் உண்டு. கடலைக் கொடி நன்றாகக் காய்ந்ததாக, பூஞ்சை இல்லாததாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று கலவையில் இல்லாமல் மாந்தோலை மட்டும் ஏற்றினால், 1.3 மடங்கு என்ற எல்லையை நோக்கி நாமே தள்ளுகிறோம். பிரான்சில் பார்த்த உப்பிய வயிற்றை நம் கூண்டிலும் பார்க்க வேண்டிவரும். ஐரோப்பியத் தீவனங்களில் ஆப்பிள், ஆரஞ்சுச் சக்கை பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதத்துக்குள் நிற்கும். மாந்தோலை 5இல் தொடங்கி 10இல் நிறுத்துவதுதான் என் யோசனை. அதற்கு மேல் போவதற்கு நம் ஊர் முயலில், நம் ஊர்த் தோலில் செய்த அளவீடு வேண்டும்.

அளந்து பார்ப்பது எப்படி

சோவியத் சின்சில்லாவோ வெள்ளை ஜெயன்டோ வைத்திருக்கும் ஒரு நடுத்தரப் பண்ணையிலேயே எடை வளர்ச்சியைச் சோதித்துவிடலாம். ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டு பிரிவுக்கும் பகிர்ந்து போட வேண்டும், ஒரு தாயின் குட்டிகள் மொத்தமும் ஒரே பக்கம் போனால் தாயின் பால் வளத்தை அளந்தவர்கள் ஆவோம். 35ஆம் நாளிலிருந்து 70ஆம் நாள் வரை வாராவாரம் எடை, வைத்த தீவனம், மிஞ்சிய தீவனம். பிரிவுக்கு இருபது முப்பது குட்டி இருந்தால் வளர்ச்சியில் இருக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்துவிடும்.

சாவுக் கணக்கு அப்படியல்ல. ஒரு பக்கம் இருபதில் இரண்டு செத்து, மறுபக்கம் இருபதில் நான்கு செத்தால், அதில் தீவனத்தின் பங்கு என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. சாவு 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைகிறதா என்று உறுதியாகப் பார்க்க, ஒவ்வொரு பிரிவிலும் 300 குட்டிக்கு மேல் வேண்டும். தனி ஒரு பண்ணையால் ஆகிற காரியமில்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இறைச்சி முயல்களை வளர்த்துத் தருகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பல பண்ணைகளின் பதிவேட்டை ஒரே படிவத்தில் சேர்த்து, இத்தகைய நிறுவனங்களோடு இணைந்து செய்தால்தான் மாந்தோல் குட்டியைக் காப்பாற்றுகிறதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது முயல் வளர்ப்போர்தான். அவர்கள் கேட்காமல் இது எந்த ஆய்வுத் திட்டத்திலும் ஏறாது.

பதிவேட்டில் சாவை எழுதும்போது தேதியோடு காரணமும் வேண்டும். வயிறு உப்பியதா, கழிச்சலா, சளியா, மூக்கொழுகலா, அறுத்துப் பார்த்தபோது குருட்டுக்குடலில் கெட்டியாகத் தேங்கியிருந்ததா என்று ஒரு வரி போதும். ரத்தக் கழிச்சல் தெரிந்தால் அது காக்சிடியா ஒட்டுண்ணியின் வேலையாக இருக்கலாம், அதற்குத் தீவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒன்று மட்டும் இப்போதே கடைப்பிடிக்கலாம். மாந்தோல் கலந்த தீவனத்தைத் தாயோடு இருக்கும் கடைசி வாரத்திலேயே குட்டிக்குப் பழக்க வேண்டும். பிரிக்கும் அன்றே தீவனத்தையும் மாற்றினால் இரண்டு அடி ஒரே நாளில் விழுகிறது. ஆகஸ்ட் முடிந்து தோல் கையிருப்பு தீரும்போதும் அப்படியே. மூட்டை காலியான அன்று பழைய கலவைக்குத் தாவாமல், ஏழு முதல் பத்து நாளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலைக் குறைத்து மாற்ற வேண்டும். அதற்குத் தேவையான அளவைக் கடைசி மூட்டையைப் பிரிக்கும் முன்பே ஒதுக்கிவைத்துக்கொள்ள வேண்டும்.